தூரத்துக்கு நட்சத்திரம் போன கதை

கம்ப்யூட்டர் அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, அந்த அறையில் முடி நரைத்து வெளியே வந்த கோதண்டம் எழுதுவது.

உங்களில் பலர் புள்ளியியலில் பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கியவர்கள். நான் எட்டாவது வரை படித்தவன். அந்த எட்டாவதையும் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்கிறேன். ஆனால் தாம்பரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஃபைல் தூக்கும் வேலைக்குச் சேர்ந்து சர்வைவல் அனாலிசிஸ் போடும் நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான் ஒருவன்தான் கிடைப்பேன். வேறு யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். விசாரித்துவிட்டு ஒப்புக்கொள்கிறேன்.

எந்தப் பொத்தானை அமுக்குவது என்று நான் எழுதப்போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது. பொத்தானை அமுக்கிக் காகிதம் வெளியே வந்த பிறகு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. பெரும்பாலும் மூடாமல் இருந்ததால் கிடைத்த அனுபவம்.

எண்பதுகளின் நடுவில் தாம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் மார்பு நோய் ஆய்வகம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. காசநோய்க்காரர்கள் வாரத்தில் சில நாட்கள் நேரில் வந்து, நர்ஸ் பார்க்க மாத்திரையை விழுங்கிவிட்டுப் போக வேண்டும். மாதக்கணக்கில் வர வேண்டும். இருமல் என்னவோ சீக்கிரமே நின்றுவிடும். இருமல் நின்றதும் பலர் வருவதை நிறுத்திவிடுவார்கள். யார் எத்தனை வாரத்தில் நிறுத்துகிறார்கள், யார் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறார்கள், எந்த விஷயம் அவர்களைச் சீக்கிரம் நிறுத்த வைக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் சர்வைவல் அனாலிசிஸ். பெயரில் உயிர்பிழைப்பு இருந்தாலும் யாரும் சாக வேண்டியதில்லை. மருந்தை விட்ட நாள்தான் எங்கள் கணக்கில் சாவு.

முதலில் ஒவ்வொரு காரணத்தையும் தனியாகப் போட்டுப் பார்ப்போம். பிறகு எல்லாவற்றையும் ஒரே மாடலில் சேர்த்துப் போடுவோம். தற்செயலாக இருக்காது என்று தேறியவற்றின் பக்கத்தில் எங்கள் பிரின்டர் கரகரவென்று ஒரு நட்சத்திரம் குத்தும். தனியாக நின்றபோது நட்சத்திரம் வாங்கிய காரணம், கூட்டத்தோடு நிற்கும்போது அதை இழப்பது உண்டு. இந்தக் கதை அதைப் பற்றியது.

முதன்முதலில் நட்சத்திரம் வாங்கிக்கொண்டு வந்து என்னை ஆட வைத்தது ஒரு கைக்கடிகாரம். கடிகாரம் கட்டியிருந்த நோயாளிகள் மருந்தைக் கடைசிவரை சாப்பிட்டார்கள், கட்டாதவர்கள் விட்டுவிட்டார்கள் என்று காகிதம் சொன்னது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தலைமை டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினேன். அவர் அதிகம் பேசாத மனுஷி. பேசினால் அன்றைக்கு முழுக்க நமக்கு வேலை இருக்கும்.

“மேடம், எல்லா பேஷண்ட்டுக்கும் ஆளுக்கொரு வாட்ச் வாங்கிக் குடுத்துட்டா போதும், டிபி ஒழிஞ்சது” என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “கோதண்டம், வாட்ச் யாரு கட்டறா?”

“நேரம் பாக்கத் தெரிஞ்சவங்க.”

“மாசச் சம்பளக்காரங்க. அந்த வேரியபிளையும் உள்ள போட்டுட்டு வாங்க.”

போட்டேன். சம்பள வேலையைச் சேர்த்ததும் கடிகாரத்தின் நட்சத்திரம் கழன்று விழுந்துவிட்டது. கடிகாரம் ஒன்றும் செய்யவில்லை. ஒழுங்கான வேலையும் லீவும் உள்ளவன் கடிகாரமும் கட்டினான், மருந்தையும் முடித்தான். அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். எவ்வளவு நன்றாக என்றால், கூட்டத்தில் நட்சத்திரம் இழந்தது எதுவாக இருந்தாலும் அது போலி என்று முடிவு கட்டிவிட்டேன். புதிதாக வருபவர்களுக்கெல்லாம் இதையே சொல்லிக்கொடுத்தேன். டீ வாங்கப் போன இடத்திலும் சொன்னேன். ஒரு பாடமும் கற்காதவன் அவ்வளவு ஆபத்தானவன் இல்லை. ஒரே ஒரு பாடம் கற்றவனிடம்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தொண்ணூறுகள் பிறந்தன. தூரத்திலிருந்து வருபவர்கள் சீக்கிரம் மருந்தை விடுகிறார்கள் என்று பழைய நோயாளிகளின் கணக்கிலிருந்து தெரிந்திருந்தது. அதனால் கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துச் சோதனையாக ஒரு மருந்து நிலையம் திறந்தோம். அதைப் பார்த்துக்கொண்டவர் சரோஜா என்கிற நர்ஸ். காலையில் கல்குவாரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் வழியில் நின்று மாத்திரையை விழுங்கிவிட்டுப் போவார்கள். அதைத் தொடர்ந்து நடத்துவதா மூடுவதா என்று தலைமை அலுவலகம் கேட்டது. பழைய கணக்கு முழுவதையும், எல்லாக் காரணங்களையும் ஒன்றாகச் சேர்க்கும் மல்டிவேரியபிள் மாடலில் போட்டுப் பார்த்துப் பதில் சொல்லும் பொறுப்பு என் கையில் வந்தது.

நான் கையில் கிடைத்த எல்லாவற்றையும் மாடலுக்குள் தள்ளினேன். வயது, எடை, வேலை, குடி, வீட்டிலிருந்து தூரம், அதோடு முதல் மாதத்தில் எத்தனை டோஸ் தவறியது என்பதையும். காகிதம் வந்தது. தவறிய டோஸுக்குப் பக்கத்தில் பளிச்சென்று நட்சத்திரம். தூரத்துக்குப் பக்கத்தில் வெறும் காகிதம்.

எனக்கோ சந்தோஷம். இன்னொரு கைக்கடிகாரத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். “தூரம் ஒரு காரணமல்ல, நோயாளிகளின் கவனக்குறைவே காரணம்” என்று தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய அறிக்கைக்கு நானே முடிவுரை எழுதி, ஒரு பிரதியை அனுப்பியும் விட்டேன். டாக்டரம்மா ஊரில் இல்லை. அவர் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையும் இல்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு, நிலையத்தை மூடப்போகிறோம் என்று சொல்லக் கீழ்க்கட்டளைக்குக் கிளம்பினேன்.

அங்கே சரோஜாவின் மேஜைக்கு முன்னால் தனபால் உட்கார்ந்திருந்தான். குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவன். நிலையம் திறப்பதற்கு முன் எங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்து சாப்பிட்டு, பாதியில் விட்டு, மறுபடி இருமிக்கொண்டு வந்தவன். இப்போது இங்கே ஒழுங்காக வந்துகொண்டிருந்தான். மருந்துக் காலத்தில் பாதியைத் தாண்டியிருந்தான். இன்னொரு தடவை விட்டால் மருந்து கேட்காமல் போகும் என்பது அவனைத் தவிர எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

நான் சரோஜாவிடம் சேதியைச் சொன்னதும் அவன் திரும்பினான்: “இன்னா சார், இத்த மூடறீங்களா?”

“ஆமாப்பா. தூரம் ஒரு விஷயமே இல்லைன்னு கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லிட்டுது. ஆரம்பத்துல டோஸை விட்டவங்கதான் வைத்தியத்தையே விட்டிருக்காங்க. ஒழுங்கா வந்தவன் எங்க இருந்தாலும் முடிச்சிருக்கான்.”

“அப்போ நானு?”

“நீ விட்டவன்.”

“ஏன் வுட்டேன்னு அந்தப் பொட்டி கேட்டுச்சா?”

“அது உன் கவனக்குறைவு.”

தனபால் சரோஜாவைப் பார்த்தான். சரோஜா ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்: “சார், நீ இங்க எதுல வந்த?”

“மொபெட்ல.”

“அத்த இங்க ஓரங்கட்டிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸுல போ. கவுன்ட்டர் மூட்றதுக்குள்ள போய் மாத்திரை முழுங்கு. ஒரு தபா இல்ல, என்ன மாரியே வாரம் பூரா. போய்ட்டேன்னா நான் சோம்பேறின்னு நானே எழுதிக் குடுக்குறேன்.”

“எந்த மாத்திரையை முழுங்கறது? எனக்கு டிபி இல்லையே.”

“பி காம்ப்ளெக்ஸ் குடுக்கச் சொல்றேன் சார்” என்றார் சரோஜா. “கார்டும் போட்டுக் குடுக்கச் சொல்லிடறேன். உடம்புக்கும் நல்லது.” அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

சவால் என்றால் நான் பின்வாங்குகிற ஆளில்லை. இதுவரை என்னைக் கெடுத்ததெல்லாம் அந்தக் குணம்தான் என்பது வேறு விஷயம். என் வீடு செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில். டோஸ் நாளன்று விடிந்ததும் கீழ்க்கட்டளைக்கு வந்து, வண்டியைச் சரோஜாவின் அறை வாசலில் விட்டு, அங்கிருந்து நோயாளியாகப் புறப்படுவது என்று ஏற்பாடு.

முதல் டோஸ் நாள் பஸ் உடனே வந்தது. பல்லாவரம் ரயில்வே கேட் திறந்திருந்தது. மின்சார ரயில் எனக்காகவே நின்றதுபோல் நின்றது. கவுன்ட்டரில் மாத்திரையை விழுங்கிவிட்டு, நாக்கை நீட்டிக் காட்டினேன். அன்று முழுக்க ஆய்வகத்தில் என் பேச்சு தாங்கவில்லை என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். “மனசு இருந்தா போதும்” என்று ஆட்டோக்காரருக்குக்கூட உபதேசம் செய்தேன்.

இரண்டாவது டோஸ் நாள் பஸ் வந்தது, நிற்கவில்லை. படிக்கட்டில் தொங்கியவர்களிலேயே ஒருவன் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனான். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பல்லாவரம் வந்தால் கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி தன் பாட்டுக்குப் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. பஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் சைக்கிளில் நின்றவர், “திறந்தாலும் அந்தப்பக்கத்து லாரி எடுக்க மாட்டான்” என்று ஆறுதல் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டர் ஜன்னலில் பலகை சாத்தியிருந்தது.

கவுன்ட்டர் பெண்ணிடம், “ஒரு மாத்திரைதானேம்மா” என்றேன்.

“விழுங்கறதைப் பாக்குற நர்ஸ் வார்டுக்குப் போயாச்சு சார். பாக்காம குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு.”

“அந்த ரூலை டைப் அடிச்சதே நான்தான். நான் யாருன்னு தெரியும்ல?”

“தெரியும் சார். கார்டுல பேஷண்ட்னு போட்டிருக்கு.” என் எதிரிலேயே ‘வரவில்லை’ என்று குறித்தாள்.

மூன்றாவது டோஸ் நாள் மழை. அதையும் கோட்டைவிட்டேன்.

அதற்கடுத்த டோஸ் நாள்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. அன்று மழை இல்லை. பஸ் ஓடியிருக்கும். கேட்டும் திறந்திருக்கலாம். நான் செம்பாக்கத்தில் என் வீட்டுக் கட்டிலில் விழித்தபடி படுத்திருந்தேன். ‘ஏற்கெனவே விட்டாச்சு, இன்னும் ஒண்ணு விட்டா என்ன, மாத்திரை சாப்பிட்டு என்ன ஆகப்போகுது’ என்று மனசு சொன்னது. சுகமாகத்தான் இருந்தது. திரும்பிப் படுத்தேன். என் மனைவி வந்து, “இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலையா?” என்றாள். “அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

ஃபைல் தூக்கிய காலத்தில், வராதவர்களைத் தேடிப்போன நூற்றுக்கணக்கான வீடுகளில் அந்த வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். மருந்தை விட்ட ஒவ்வொருவரும் என்னிடம் சொன்னது அதைத்தான். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

என்னை மாடலுக்குள் போட்டால் என்ன வரும் என்று யோசித்தேன். கோதண்டம்: ஆரம்பத்திலேயே டோஸ் தவறியவன், சீக்கிரம் விட்டவன். தவறிய டோஸ் முழுப் பழியையும் ஏற்றுக்கொள்ளும். கீழ்க்கட்டளைப் பஸ்ஸும் பல்லாவரம் கேட்டும் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். செம்பாக்கத்திலிருந்து மொபெட்டில் நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் நான் ஒரு நாளும் விட்டிருக்க மாட்டேன். தூரம்தான் என்னைத் தவறவிட்டது, தவறியதுதான் என்னைப் படுக்க வைத்தது. நான் என்ன செய்திருந்தேன்? தூரம் வரும் வழியிலேயே தவறிய டோஸை நிறுத்தி மறித்துவிட்டு, இந்த வழியாக யாரும் வரவில்லையே என்று அறிக்கை எழுதியிருந்தேன்.

கைக்கடிகாரம் வேறு. அங்கே வேலை முன்னால் இருந்தது, கடிகாரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே தூரம் முன்னால் இருந்தது, தவறிய டோஸ் அதற்குப் பிறந்தது. இரண்டு தடவையும் பிரின்டர் அடித்த காகிதம் ஒரே மாதிரிதான் இருந்தது. எது முன்னால், எது பின்னால் என்பது காகிதத்தில் இல்லை. அதை நீங்கள்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். தூரத்துக்கு நியாயம் செய்கிறேன் பேர்வழி என்று, தவறிய டோஸை எடுத்துவிட்டு, தூரம், பயண நேரம், பஸ் கட்டணம் மூன்றையும் ஒன்றாக மாடலில் ஏற்றினேன். மூன்றுக்கும் நட்சத்திரம் இல்லை. ஊரிலிருந்து திரும்பியிருந்த டாக்டரம்மாவிடம் காகிதத்தையும் நான் எழுதிய முடிவுரையையும் சேர்த்தே நீட்டினேன். திட்டு வாங்குவதென்றால் மொத்தமாக வாங்கிவிடலாம் என்று.

முடிவுரையை அவர் படித்து முடித்தார். திட்டவில்லை. “இந்த மூணும் மூணு பேர் இல்ல கோதண்டம். ஒரே ஆளு மூணு சட்டை மாத்திப் போட்டுண்டு வந்து நிக்கறான். எந்தச் சட்டை வேலை செஞ்சதுன்னு கேட்டா மிஷின் என்ன சொல்லும்? ஒரு சட்டையோட அனுப்புங்க.”

தூரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, முன்பே இருந்த வயது, வேலை, குடி ஆகியவற்றோடு போட்டேன். நட்சத்திரம் வந்தது. நான் துள்ளினேன். அந்தத் துள்ளலிலும் அவர் தண்ணீரை ஊற்றினார்.

“நட்சத்திரம் வந்ததுன்னு சந்தோஷப்படாதீங்க. போனப்பவும் இதே மாதிரிதான் சந்தோஷப்பட்டிருப்பீங்க. நாளைக்கு ஹெட் ஆபீஸ்காரர் வர்ற மீட்டிங்ல என்ன கேள்விக்குப் பதில் சொல்லப்போறீங்கன்னு மட்டும் யோசிச்சுண்டு வாங்க.”

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கோட்டுப் போட்டவர். என் பழைய முடிவுரை அவர் கைக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. அதை வைத்து மூடும் உத்தரவையும் அவர் தயாராகக் கொண்டுவந்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனாவின் மூடிகூடத் திறந்திருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்து, முதல் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி இரண்டாவது காகிதத்தை நீட்டினேன்.

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “போன வாரம் தூரம் காரணமில்லைன்னீங்க. இந்த வாரம் காரணம்னு சொல்றீங்க. டேட்டா அதேதான். இதுல எது பொய்?”

என் வாழ்க்கையில் ஒரு தடவை உடனே பதில் சொல்லாமல் நின்றேன். எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி நடக்காத விஷயம்.

“ரெண்டும் பொய் இல்லை சார்” என்றேன். “ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில். ஏற்கெனவே ஒரே மாதிரி டோஸ் தவறவிட்ட ரெண்டு பேர் இருக்காங்க, ஒருத்தன் பக்கத்துல, ஒருத்தன் தூரத்துல. இனிமே அவங்களுக்குள்ள வித்தியாசம் தெரியுதான்னு கேட்டா, இந்தக் கணக்குல சரியாத் தெரியலை. அது முதல் காகிதம். தெரியலைன்னுதான் நான் சொல்லியிருக்கணும், இல்லைன்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு. ஆனா ஒருத்தனைத் தூரத்துல வெச்சா அவனுக்கு மொத்தமா என்ன ஆகுதுன்னு கேட்டா, அதுக்கு ரெண்டாவது காகிதம். நீங்க மூடலாமான்னு கேட்டது அந்த ரெண்டாவது கேள்வி சார். நான் முதல் கேள்விக்குப் பதில் எழுதிட்டேன்.”

“இதை எங்க படிச்சீங்க?”

“பல்லாவரம் கேட்ல சார்.”

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “நடக்கட்டும். அடுத்த வருஷம் நிலையத்துக்கு வந்தவங்க கணக்கையும் சேர்த்துப் பாக்கலாம்” என்றார். உத்தரவுக் காகிதம் மடித்து அவருடைய பைக்குள் போனது.

தம்பி தங்கைகளே, உங்கள் கம்ப்யூட்டர் இப்போது என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு வேகம் என்று சொல்கிறார்கள். அவசரப்படுகிறவனுக்கு அதனால் ஆபத்தும் அவ்வளவு மடங்கு. ஒரு காரணம் கூட்டத்தில் நட்சத்திரம் இழந்தால், அதை அடித்து நீக்குவதற்கு முன் பக்கத்தில் நிற்பவர் யார் என்று பாருங்கள். அதற்கு முன்னால் இருந்ததா, அதற்குப் பிறந்ததா, அல்லது அதுவேதான் வேறு சட்டையில் நிற்கிறதா என்று. அதற்குப் பிறகும் ‘இல்லை’ என்று எழுதக் கை போனால், ‘தெரியவில்லை’ என்று எழுதிப் பழகுங்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வருவதற்கே பாதி சர்வீஸ் போய்விட்டது.

கூட்டம் முடிந்த மறுநாள் கீழ்க்கட்டளைக்குப் போனேன். சரோஜாவிடம் நிலையம் தொடரும் என்று சொன்னேன். அவர் ஜக்கிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றித் தனபாலிடம் நீட்டினார். அவன் மாத்திரைகளை வாயில் போட்டு விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

“அப்போ நான் சோம்பேறி இல்லன்னு பொட்டி சொல்லிட்ச்சா?”

“சொல்லிட்டுது.”

“அத்த என் பொண்டாட்டியாண்ட வந்து சொல்லு சார். உனுக்குப் புண்ணியமாப் போவும். வூட்ல டெய்லி இதே பேஜார்தான்.”

அவன் வீடு இரண்டு தெரு தள்ளி. அந்தம்மா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு தூரம், பஸ், ரயில்வே கேட், தவறிய டோஸ் எல்லாவற்றையும் அதிகாரிக்குச் சொன்னதைவிட நன்றாகவே விளக்கினேன். உங்கள் புருஷன் மருந்தை விட்டது சோம்பலால் அல்ல என்று ஆய்வு சொல்கிறது என்றேன்.

அவர் புடவையை உதறிக் கொடியில் போட்டார்.

“நீ படிச்ச மனுசன், சொல்றது சரியாத்தான் இருக்கும் சார். ஆனா இது வியாதி வர்றதுக்கு முன்னாலயே சோம்பேறி. கல்யாணம் ஆன நாள்லேந்து நான் பாத்துகினு கீறேன். அத்த உன் பொட்டியில போட்டியா?”

போடவில்லை. அதற்கு என் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தால் தூரத்தின் நட்சத்திரம் நின்றிருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.